கொயினா வாங்குமுன்: பட்டைப்பொடி, டானிக் வாட்டர், மாத்திரை

சிங்கோனா மரப்பட்டையின் கசப்பு இன்று மூன்று உருவங்களில் விலைக்குக் கிடைக்கிறது. இணையக் கடைகளில் செங்காவி நிறப் பொடியாகவும் சுருள் பட்டையாகவும் விற்கிறார்கள். பேரங்காடியின் குளிர்பெட்டியில் அது டானிக் வாட்டர். மருந்துக்கடையில் 300 மி.கி. குயினைன் சல்ஃபேட் மாத்திரை. மூன்றிலும் இருப்பது மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குயினைன், நம் தாத்தா பாட்டிகள் ‘கொயினா’ என்று முகம் சுளித்துச் சொன்ன அதே சரக்குதான். எதில் எவ்வளவு இருக்கிறது, அந்த அளவு வாங்குபவருக்குத் தெரிகிறதா என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன. இந்த ஒரு கேள்வியை வைத்தே மூன்றையும் இங்கே எடைபோடுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். டானிக் வாட்டரைப் பானமாக வாங்கலாம். மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் வாங்கலாம். பட்டைப்பொடியை உள்ளுக்குச் சாப்பிட வாங்கவே வேண்டாம்.

பட்டைப்பொடி

‘இயற்கை’, ‘பக்கவிளைவு இல்லாதது’ என்ற சொற்களோடு விற்கப்படுவதால், மூன்றில் இதுதான் சாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்றில் கணிக்க முடியாதது இதுதான்.

சிங்கோனா என்பது ஒரே மரமல்ல. காப்பி, வெட்சி, நுணா எல்லாம் சேர்ந்த ரூபியேசியே குடும்பத்தில் அது ஒரு பேரினம். தாயகம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகள். அஃபிசினாலிஸ் வகைப் பட்டையில் குயினைன் நூற்றுக்குச் சில பங்குதான் இருக்கும். சிவப்புப் பட்டை எனப்படும் சக்கிருப்ரா வகையில் மொத்த ஆல்கலாய்டு (குயினைனும் அதன் உறவுகளுமான கசப்புச் சத்துகள்) தாராளமாக இருந்தாலும் அதில் பெரும்பகுதி சிங்கோனிடின், சிங்கோனின், குயினைன் குறைவு. லெட்ஜரியானா வகையில் குயினைன் மட்டுமே 10 விழுக்காட்டைத் தொடும். வயது, வளர்ந்த உயரம், அடிமரப் பட்டையா வேர்ப்பட்டையா என்பவற்றைப் பொறுத்தும் அளவு மாறும்.

இப்போது கரண்டிக் கணக்குக்கு வருவோம். ஒரு தேக்கரண்டிப் பொடி சுமார் 2.5 கிராம். பட்டையில் 1 விழுக்காடு குயினைன் என்றால் கரண்டிக்கு 25 மி.கி.; 10 விழுக்காடு என்றால் 250 மி.கி. முன்னது ஒரு குவளை டானிக் வாட்டருக்குச் சமம். பின்னது மருந்துச்சீட்டு இல்லாமல் தரக்கூடாத ஒரு மாத்திரைக்குச் சமம். பொடியின் நிறம், மணம், கசப்பு எதை வைத்தும் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. குயினைன் மிக மிகக் குறைந்த அளவிலேயே நாக்கில் கசப்பதால், ‘நல்ல கசப்பு, ஆகவே நல்ல சரக்கு’ என்ற சோதனை இங்கே செல்லாது. உறையின் மேல் மொத்த ஆல்கலாய்டு விழுக்காடும் குயினைன் விழுக்காடும் தனித்தனியாக அச்சிடப்படாத பொடியை அளவு தெரியாத மருந்தாகத்தான் கருத வேண்டும்.

அடுத்தது கலப்படம். ‘கீனா’ என்ற பெயர் தென்னமெரிக்காவில் கசப்பான பல மரப்பட்டைகளுக்குப் பொதுவாக வழங்குகிறது. ரெமிஜியா மரத்தின் செம்புநிறப் பட்டையிலும் குயினைன் உண்டு, ஆனால் அது சிங்கோனா அல்ல. நம் பக்கத்து ஏழிலைப்பாலைப் பட்டையும் ஒரு காலத்தில் குயினைனுக்கு மாற்றாகச் சொல்லப்பட்டது. அதன் ஆல்கலாய்டுகள் வேறு, மலேரியாவுக்கு அது மாற்றும் அல்ல. பொடியாக்கிய பிறகு இவற்றைக் கண்ணால் பிரிக்க வழியில்லை. அலங்காரத்துக்கோ வகுப்பறைச் சோதனைக்கோ பட்டை வேண்டுமென்பவர்கள் சுருளாக வாங்குவது நல்லது. சிங்கோனாச் சுருளின் வெளிப்புறம் சாம்பல் கலந்த பழுப்பாக, குறுக்கு வெடிப்புகளோடு, பாசிப்படர்ந்த வெண்திட்டுகளோடு இருக்கும். உட்புறம் செம்பழுப்பு, நீளவாக்கில் நார்க்கோடுகள். ஒடித்தால் வெளியடுக்கு பட்டென்று முறியும், உள்ளடுக்கு நார்நாராகப் பிரியும்.

உண்மையான சரக்கா என்று பார்க்கப் பழைய மருந்தியல் கூடங்களில் கிராஹே சோதனை செய்வார்கள். உலர்ந்த பொடி ஒரு சிட்டிகையைக் காய்ந்த சோதனைக்குழாயில் போட்டுச் சுடரில் காட்டினால், செம்மை கலந்த ஊதாப்புகை எழுந்து குழாயின் மேற்சுவரில் சிவப்புத் தாராகப் படியும். குழாயில் ஈரம் இருந்தால் நிறம் சரியாக வராது.

புற ஊதாச் சோதனை இன்னும் எளிது. அரைச் சிட்டிகைப் பொடியை எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் கொதிக்கவிட்டு, காப்பி வடிதாளில் இறுத்து, நிறம் ஏறக்குறையத் தெரியாத அளவுக்கு நீர் சேர்த்து, இருட்டில் 365 நானோமீட்டர் டார்ச்சைக் காட்டினால் வெளிர்நீலம் ஒளிரும். போதிய நீர் சேர்க்காவிட்டால் பட்டையின் செந்நிறச் சாயம் ஒளியை விழுங்கிவிடும். ஒளிர்வது குயினைனும் அதன் இரட்டைப்பிறவியான குயினிடினும் மட்டுமே. சிங்கோனின், சிங்கோனிடின் இரண்டும் இப்படி ஒளிராது. எனவே மங்கலாக ஒளிரும் சிவப்புப் பட்டையில் ஆல்கலாய்டு குறைவு என்று முடிவுகட்டக் கூடாது. இந்த இரண்டு சோதனைகளும் ‘இருக்கிறது’ என்று சொல்லுமே தவிர ‘எவ்வளவு’ என்று சொல்லாது. நமக்கு வேண்டியதோ எவ்வளவு என்பதுதான்.

வீட்டில் காய்ச்சும் டானிக் சிரப்

பட்டையை வாங்குபவர்களில் பலர் இதற்காகத்தான் வாங்குகிறார்கள். எலுமிச்சைத் தோல், சிட்ரிக் அமிலம், சர்க்கரை, ஏலம் என்று பட்டையோடு கொதிக்க வைத்து, சிரப்பாக்கி, சோடாவில் கலந்து குடிப்பது. செய்முறையில் குற்றமில்லை, அளவில்தான் குற்றம்.

ஒரு லிட்டர் சிரப்புக்கு 30 கிராம் பட்டை போட்டதாக வைத்துக்கொள்வோம். 3 விழுக்காடு குயினைன் உள்ள பட்டையில் அது 900 மி.கி. ஒரு பங்கு சிரப்புக்கு நான்கு பங்கு சோடா சேர்த்தால் 5 லிட்டர் பானம். லிட்டருக்கு 180 மி.கி. அமெரிக்க விதிப்படி சோடா பானத்தில் குயினைன் லிட்டருக்கு ஏறத்தாழ 83 மி.கி.க்கு மேல் இருக்கக்கூடாது. ஆக, வீட்டுப்பானம் அந்த வரம்பைப் போல இருமடங்குக்கும் மேல். வரம்புக்குள் நிற்க வேண்டுமென்றால் முழுப்பானம் ஒரு லிட்டருக்கு 2.8 கிராம் பட்டைதான் போட முடியும். பட்டை 8 விழுக்காட்டுச் சரக்காக இருந்தால் அதுவும் ஒரே கிராமாகக் குறையும். விழுக்காடு தெரியாதவர் இதில் எதைத் தேர்வார்?

கொதிக்க வைத்தால் முழுவதும் இறங்காதே என்று கேட்கலாம். உண்மைதான். பட்டையில் ஆல்கலாய்டுகள் டானின் வகை அமிலங்களோடு பிணைந்து கிடப்பதால் வெறுந்தண்ணீரில் கொஞ்சம்தான் கரையும். ஆனால் எலுமிச்சையும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்தால் கரைவது கூடும். எவ்வளவு கூடும் என்பது அரைத்த பதம், கொதித்த நேரம், புளிப்பு எல்லாவற்றையும் பொறுத்து ஒவ்வொரு முறையும் மாறும்.

நுண்பொடி இன்னொரு தொல்லை தரும். மெல்லிய துணியில் வடிகட்டினால் பொடி தப்பி இறங்கிவிடும். காப்பி வடிதாளில் ஊற்றினால் சில நிமிடங்களில் அடைத்துக்கொள்ளும். பொறுமை இழந்து துணியிலேயே முறுக்கிப் பிழிபவர்கள் பட்டையையே குடிக்கிறார்கள். சிரப்பின் அடியில் படியும் செம்மண்டியில் கரையாத ஆல்கலாய்டு இருக்கிறது. வயிற்றில் அமிலம் பட்டதும் அது கரையும். புட்டியின் கடைசிக் குவளை முதல் குவளையைவிட வலுவாக இருப்பது இதனால்தான். காதில் ரீங்காரம், தலைச்சுற்றல், குமட்டல், பார்வை மங்கல் ஆகியவை சேர்ந்து வந்தால் அதற்கு ‘சிங்கோனிசம்’ என்றே மருத்துவத்தில் பெயர். வீட்டுச் சிரப் குடித்தவர்க்கு இவற்றில் ஒன்று வந்தாலும் புட்டியை அன்றே கொட்டிவிட வேண்டும்.

டானிக் வாட்டர்

1858-இல் லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் காப்புரிமை பெற்ற பானம். இன்று இதை மருந்தாக யாரும் தயாரிப்பதில்லை, கசப்புச் சுவைக்காகவே குயினைன் சேர்க்கிறார்கள். அந்த வேலையை இது நன்றாகவே செய்கிறது. அளவு தொழிற்சாலையில் எடைபோட்டுச் சேர்க்கப்படுவதால் முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் வேறுபாடில்லை. பட்டைப்பொடி தோற்ற இடத்தில் இது தேறிவிடுகிறது.

வாங்கும்போது லேபிளில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, ‘குயினைன் உள்ளது’ என்ற வரி. அது இல்லாமல் ‘டானிக் சுவை’ என்று மட்டும் இருந்தால் கசப்பு வேறெதிலிருந்தோ வருகிறது. இரண்டாவது சர்க்கரை. சாதாரண வகைகளில் 100 மி.லி.க்கு 8, 9 கிராம் என்பது சகஜம், 300 மி.லி. டின் ஒன்றில் ஐந்தாறு தேக்கரண்டிச் சர்க்கரை போய்விடும். கசப்பு மறைத்துவிடுவதால் இது நாக்குக்குத் தெரிவதில்லை, ஆகவே சர்க்கரை நோயாளிகள் கசப்பை நம்பி ஏமாறக்கூடாது. மூன்றாவது தயாரிப்புத் தேதி. குயினைன் வெளிச்சத்தில் நிறம் மாறி மெல்லச் சிதையும் பொருள். வெயில் படும் கடைமுகப்பில் கண்ணாடிப் புட்டியில் மாதக்கணக்கில் நின்ற சரக்கைவிட டின்னில் அடைத்தது மேல். ஒருவர் மட்டும் குடிக்கும் வீட்டில் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டி வீண். இரண்டாம் நாளே வாயு இறங்கி, மிஞ்சுவது கசந்த சர்க்கரைத் தண்ணீர்.

எலுமிச்சை பிழிந்தால் கசப்பும் புளிப்பும் நன்றாகச் சேரும். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் கசப்பு சட்டென்று அடங்கும். சோடியம் கசப்புணர்வைத் தணிக்கும். புற ஊதா விளக்கின் கீழ் வைத்து உப்பைத் தூவினால் அந்த நீல ஒளியும் மங்கிப் போவதைப் பார்க்கலாம், குளோரைடு ஒளிர்வை அணைத்துவிடுவதால். பள்ளிக் கண்காட்சிக்கு இதைவிட மலிவான பாடம் கிடைப்பது அரிது. டிகாக்‌ஷன் கலந்த டானிக் வாட்டர் இப்போது காப்பிக் கடைகளில் பிரபலம். காப்பியும் சிங்கோனாவும் ஒரே குடும்பம் என்று தெரிந்து குடித்தால் ருசி இன்னும் கூடும்.

இரண்டு தப்பெண்ணங்களை மட்டும் தீர்த்துவிட வேண்டும். ஒன்று, டானிக் வாட்டர் மலேரியாவைத் தடுக்கும் என்பது. 60 கிலோ எடையுள்ளவருக்குச் சிகிச்சையில் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 500 மி.கி. குயினைன் வேண்டும். உச்ச வரம்பளவு குயினைன் உள்ள பானமே ஆனாலும் அது 6 லிட்டர். நாளைக்கு மூன்று வேளைக்கு 18 லிட்டர், கூடவே ஒன்றரைக் கிலோ சர்க்கரை.

மற்றது, இரவில் கெண்டைக்கால் பிடிப்புக்கு ஒரு குவளை நல்லது என்பது. 300 மி.லி.யில் கிடைக்கும் 25 மி.கி.யால் பிடிப்பு போகும் என்று எதிர்பார்க்க முடியாது. இதற்காக மருந்துச்சீட்டின்றி குயினைன் விற்பதையே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1994-இல் நிறுத்தியது. காரணம் தட்டணுக்கள். சிலருடைய உடலில் குயினைன் பட்டதும் இரத்தத் தட்டணுக்களை அழிக்கும் எதிர்ப்பொருள் உருவாகி, தோலில் செம்புள்ளிகளும் ஈறில் இரத்தக் கசிவும் வரும். இது அளவைப் பொறுத்ததல்ல. ஒவ்வாதவருக்கு டானிக் வாட்டரின் சிற்றளவே போதும். ஒருமுறை இப்படி வந்தவர்கள் ஆயுள் முழுக்க மாத்திரை, பானம் இரண்டையும் தொடக்கூடாது. கர்ப்பிணிகள், இதயத் துடிப்பு மாறுபாட்டுக்கு மருந்து எடுப்பவர்கள், தசைகள் வலுவிழக்கும் மயஸ்தீனியா கிராவிஸ் நோய் உள்ளவர்கள் இதை அன்றாடப் பானமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

மாத்திரை

1820-இல் பாரிஸில் பெல்லத்தியேவும் கவாந்துவும் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தபோது மருத்துவத்துக்குக் கிடைத்த பெரும்பேறு, முதன்முறையாக இந்த மருந்தைத் தராசில் நிறுத்துக் கொடுக்க முடிந்ததுதான். மாத்திரையின் தகுதி முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. பட்டையை அரைத்துச் சுண்ணாம்பும் காரமும் கலந்து ஆல்கலாய்டுகளை விடுவித்து, எண்ணெய் போன்ற கரைப்பானில் இறக்கி, அதிலிருந்து நீர்த்த கந்தக அமிலத்துக்கு மாற்றி, சூட்டிலேயே அமிலத்தன்மையைச் சரிசெய்து ஆறவிட்டால் குயினைன் சல்ஃபேட் மட்டும் படிகமாக இறங்கும். அது குளிர்ந்த நீரில் மிகக் குறைவாகவே கரையும். உடன்பிறப்புகள் பெரும்பாலும் கரைசலிலேயே நின்றுவிடும். இந்தச் சின்ன வேற்றுமையின் மேல்தான் ஒரு தொழிலே எழுந்தது. அந்த உடன்பிறப்புகளும் வீணானவை அல்ல. 1866-இல் தொடங்கிச் சென்னை மாகாணத்தில் ஒரு குழு நான்கு ஆல்கலாய்டுகளையும் தனித்தனியே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. குயினிடின் குயினைனுக்கு எவ்விதத்திலும் குறையவில்லை, சிங்கோனிடின் நெருங்கி வந்தது, சிங்கோனின் சற்றுப் பின்தங்கியது. நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டக் கண்காணிப்பாளர் மெக்ஐவர் வளர்த்த மரங்களில் குயினைன் குறைந்த சிவப்புப் பட்டையே அதிகம் என்பதால் இந்த முடிவுக்கு அன்று பெரிய மதிப்பு இருந்தது.

மாத்திரை வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது உப்பின் பெயர், அதாவது குயினைன் எந்த அமிலத்தோடு சேர்ந்த வடிவம் என்பது. 300 மி.கி. குயினைன் சல்ஃபேட்டில் மருந்துப்பொருள் ஏறத்தாழ 248 மி.கி. அதே 300 மி.கி. பைசல்ஃபேட் என்றால் 178 மி.கி.தான். ‘குயினைன் 300’ என்று மட்டும் பார்த்து ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுத்தால், வேளைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் மருந்து குறையும். காய்ச்சல் ஒருநாள் தணிந்து மறுபடி ஏறும்.

மலேரியாவுக்கு மருத்துவர்கள் எழுதும் வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 10 மி.கி. குயினைன் உப்பு, 8 மணிக்கொரு முறை, 7 நாள். கூடவே டாக்ஸிசைக்ளின் அல்லது கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக். 60 கிலோ ஆளுக்கு வேளைக்கு 2 மாத்திரை, மொத்தம் 42. இந்த 42-ஐயும் முடிப்பவர்கள் குறைவு. இரண்டாம் மூன்றாம் நாளில் காய்ச்சல் விட்டுவிடுகிறது, அதே நேரம் காது இரையத் தொடங்குகிறது. நோய் போனது, மருந்துதான் படுத்துகிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். இலேசான காதிரைச்சல் இந்த அளவில் எதிர்பார்க்கக் கூடியது, மருந்தை நிறுத்தியதும் போய்விடும். பார்வை மங்கினாலோ, காது அடைத்துக்கொண்டாலோ, நெஞ்சு படபடத்தாலோ அது எதிர்பார்த்த வகையல்ல. அடுத்த வேளைக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டோடு விழுங்கினால் குமட்டல் குறையும். அலுமினியம், மக்னீசியம் உள்ள வயிற்றெரிச்சல் மருந்துகளைச் சேர்த்து எடுத்தால் குயினைன் உறிஞ்சப்படுவது தாமதமாகும். இதய மருந்தான டிகாக்ஸின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களிடம் அந்த மருந்துகளின் வீரியத்தைக் குயினைன் கூட்டிவிடும். எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்கப்படாமல் போவது சர்க்கரைத் தாழ்வு. குயினைன் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். மலேரியாவும் தன் பங்குக்குச் சர்க்கரையைக் குறைக்கும். காய்ச்சல் நோயாளி வியர்த்து, குழறி, தூக்கத்தில் ஆழ்ந்தால் நோய் முற்றியது என்று கருதுமுன் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளிடம் இது இன்னும் எளிதில் நேரும்.

இத்தனைக்கும் பிறகு, இன்று மலேரியாவுக்கு முதல் தேர்வு குயினைன் அல்ல. ஆசிய நாடுகளில் நடந்து 2005-இல் வெளிவந்த பெரிய ஒப்பீட்டில், கடும் மலேரியாவுக்குக் குயினைன் பெற்றவர்களில் 22 விழுக்காட்டினர் இறந்தார்கள். ஆர்ட்டிசுனேட் என்ற வேறு மலேரியா மருந்தைப் பெற்றவர்களில் 15. சொட்டு ஊசியாகக் குயினைன் ஏற்றும் தேவை பெரும்பாலான இடங்களில் அதோடு ஒழிந்தது. ஏற்ற நேர்ந்தால் டெக்ஸ்ட்ரோஸில் கலந்து பல மணி நேரம் மெதுவாகத்தான். நரம்பில் ஒரே மூச்சில் செலுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து இதயம் நின்றுவிடும். சென்னையில் அதிகம் காணப்படும் வைவாக்ஸ் மலேரியாவுக்கு இந்தியாவில் குளோரோகுயினும், கல்லீரலில் உறங்கும் கிருமிக்காக 14 நாள் பிரைமாகுயினும் கொடுக்கிறார்கள். குயினைன் அந்த உறங்கும் கிருமியைத் தொடாது. பெயர் ஒலிக்கிறதே என்று குளோரோகுயின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகியவற்றைப் பட்டையில் தேடுகிறவர்கள் உண்டு. அவை ஆய்வகத்தில் செய்யப்பட்டவை. எந்த மரத்தைக் கொதிக்க வைத்தாலும் வராது. ஹோமியோபதிக் கடையின் ‘சைனா’வும் இந்தப் பட்டைதான். 30 என்று எண் போட்ட வீரியத்தில் குயினைன் மூலக்கூறே மிஞ்சியிருக்காது; நீர்க்கச் செய்யாத தாய்த்திரவத்தில் அது உண்டு, ஆகவே மேலே சொன்ன எச்சரிக்கைகள் தாய்த்திரவத்துக்கும் பொருந்தும்.

வாங்கிய மாத்திரையை அதன் அட்டையிலேயே, வெளிச்சம் படாத இடத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மேற்பூச்சு உள்ள மாத்திரை வாயில் உடனே கசக்காது, இனிப்பு மிட்டாய் என்று குழந்தை இரண்டு மூன்றை விழுங்கிவிடும். அந்த இரண்டு மூன்றே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. பெரியவர்களிடம் மிகையளவு பார்வையை நிரந்தரமாகப் பறித்ததுண்டு. விழுங்கிவிட்டது தெரிந்தால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். வலிப்பும் துடிப்பு மாறுபாடும் சில மணி நேரத்துக்குள் தொடங்கலாம். குழந்தையையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு, இசிஜி கருவியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். அட்டையில் எத்தனை குழி காலி என்பதுதான் அங்கே முதலில் கேட்கப்படும்.